இருபத்தாறு தடவை போன நூற்றுப் பதினேழு

"நேத்து ஒரே நாள்ல இருபத்தாறு தடவை பாத்ரூம் போயிருக்கீங்க" என்றார் மேனேஜர், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். லைனில் என்னைக் கத்திரி என்று கூப்பிடுவது, நான் கத்திரியை வைத்து நூல் பிசிறு வெட்டுவதால் மட்டுமில்லை. ஆனால் அன்றைக்குக் கோபத்தை முந்திக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது.

"இருபத்தாறா? நடுவுல எப்பவாவது வேலைக்கு வந்தேனா சார்?"

அவர் சிரிக்கவில்லை. நீள நோட்டை என் பக்கம் திருப்பி, பென்சிலால் கோடு போட்ட இடங்களைக் காட்டினார். நூற்றுப் பதினேழு. அதற்குக் கீழே மறுபடியும் நூற்றுப் பதினேழு. என் டோக்கன் எண்தான். ஒரு வரியில் எழுத்து குண்டாக இருந்தது, அடுத்த வரியில் கோழி கிளறின மாதிரி இருந்தது.

"மொத்தம் ஆறு மணி நாப்பது நிமிஷம் உள்ள இருந்திருக்கீங்க."

"அப்ப மிச்ச நேரத்துல நானூறு சட்டையைப் பாத்து அனுப்பினது யாரு, என் ஆவியா?"

"அது மட்டுமில்ல" என்று தொண்டையைக் கனைத்தார். காது சிவந்துவிட்டது மனிதருக்கு. "போன வாரம் நாலு நாள்... காரணத்துல மூணு போட்டிருக்கு. உங்களுக்கு வயசு அம்பத்திரண்டு. அதான் மேலிடத்துல விளக்கம் கேக்கறாங்க."

இந்த மூன்று என்னவென்று சொன்னால்தான் அவர் காது ஏன் சிவந்தது என்று உங்களுக்குப் புரியும்.

எங்கள் ஆலை அரசாங்கத்துடையது. தபால்காரர், நர்ஸ், தீயணைப்புக்காரர் என்று இந்த நாட்டில் சீருடை போட்டவர் யாரைப் பார்த்தாலும், அவர் சட்டை எங்கள் கை பட்டுத்தான் போயிருக்கும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டதற்கு எட்டு மாதம் முன்பு துறையிலிருந்து ஒரு சர்க்குலர் வந்தது. உற்பத்தி நேர இழப்பைக் கண்காணிக்க வேண்டுமாம். மறுநாளே பெண்கள் பாத்ரூம் வாசலில் ஒரு ஸ்டூல் வந்தது. ஸ்டூலில் ஒரு பெண், அவள் மடியில் நோட்டு, நோட்டில் தையல் நூலால் கட்டிய பேனா. டோக்கன் எண், போன நேரம், வந்த நேரம், காரணம் என்று நான்கு கட்டம். போகிறவளே நான்கையும் எழுத வேண்டும், காரணத்தை மட்டும் எண்ணால். ஒன்று என்றால் சாதாரணம், இரண்டு வயிற்றுக் கோளாறு, மூன்று மாதவிலக்கு. நான்கு என்றால் 'இதர'. நான்கு போட்டவள் மேனேஜர் அறைக்குப் போய் அந்த இதர என்னவென்று வாயால் சொல்ல வேண்டும். அதனால் நான்கை யாரும் தொட்டதேயில்லை.

ஆண்கள் பக்கம் ஸ்டூலும் இல்லை, நோட்டும் இல்லை. அவர்களுக்கு உடம்பே கிடையாது போலிருக்கிறது.

நானும் ஒன்றும் யோக்கியமில்லை. அடுத்தவர் சங்கதி தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நோட்டு வந்த முதல் வாரம் எல்லோரும் முகம் சுளித்தார்கள், நான் மட்டும் எண் எழுதுகிற சாக்கில் நின்று, மேலே யார் என்ன எண் போட்டிருக்கிறாள் என்று படித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். படித்ததைச் சாப்பாட்டு ஷெட்டில் அவிழ்த்துவிட்டதும் உண்டு. அதை இப்போது நினைத்தால் என் நாக்கை நானே கத்திரிக்கலாம் போலிருக்கிறது.

பயிற்சிப் பெண்கள் பாடுதான் பெரும்பாடு. இரண்டு வருஷப் பயிற்சி முடிந்தால்தான் வேலை நிரந்தரம். ஒரு பயிற்சிப் பெண்ணின் எண்ணுக்கு நேராக இரண்டு மாதம் மூன்று வராவிட்டால் ஆலை நர்ஸ் கூப்பிட்டு அனுப்புவாள். நர்ஸைப் பார்த்து வந்தவளுக்கு அடுத்த வாரம் கடிதம் வரும், 'பயிற்சி திருப்திகரமாக இல்லை' என்று. வயிற்றில் பிள்ளை என்ற பேச்சே அதில் இருக்காது. மூன்று பேர் இப்படி எங்கள் கண்ணெதிரே போனார்கள். அதற்கப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. பெண்கள் மாதம் தவறாமல் பொய் மூன்று போட ஆரம்பித்தார்கள்.

சரி, மேனேஜர் அறைக்கு வருகிறேன். அவர் ஒரு மெமோவை நீட்டினார். இத்தனை தடவை போனதற்கு டாக்டர் சான்றிதழோடு விளக்கம் எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் என் எண்ணைப் பயன்படுத்தியவர்கள் யார் யார் என்று எழுதித் தர வேண்டும். மூன்று நாள் கெடு.

மெமோவை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு நேராகச் சாப்பாட்டு ஷெட்டுக்குப் போனேன்.

"எவடி அது? எவ என் நம்பரைப் போட்டா? பாத்ரூம்ல எனக்குக் கோயிலா கட்டறீங்க?"

எப்போதும் வாயாடுகிற காலர் லைன்காரிகள்கூடச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மேஜைக்குத் திரும்பி, கோபத்தில் ஒரு தபால்காரர் சட்டையின் நல்ல பொத்தானையே வெட்டிவிட்டேன். அப்போதுதான் காஜா வந்தாள். காஜா மெஷினில் பொத்தான் துளை போடுகிற பெண், அதனால் அந்தப் பெயர். பயிற்சி முடிய அவளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

"அக்கா, துணிக் கட்டு ரூமுக்கு ஒரு நிமிஷம் வர்றீங்களா?"

கட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அவள் அழுதாள். நான் அழுகையைக் கண்டு இளகுகிற ஆளில்லை. "அழுது முடிச்சிட்டுச் சொல்லு. எனக்கு லைன் நிக்குது" என்றேன்.

"மூணு மாசம் ஆகுதுக்கா. காலையில எதுவும் தங்கலை. அடிக்கடி ஓடவேண்டியிருக்கு. என் நம்பர்ல அத்தனை தடவை விழுந்தா கண்டுபிடிச்சுடுவாங்கன்னு உங்க நம்பரைப் போட்டேன்."

"ஏன்டி என் நம்பர்? ஊர்ல வேற நம்பரே இல்லையா?"

"உங்ககிட்ட எவன் வந்து கேள்வி கேப்பான்னு..."

இதற்குச் சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"சரி, அந்த மூணு?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அதுதான்க்கா பெரிய முட்டாள்தனம். எல்லாரையும் மாதிரி நானும் நாலு நாள் பொய்யா மூணு போட்டேன். ஆனா கை பழக்கத்துல உங்க நம்பருக்கு நேரா போட்டுட்டேன்."

அவள் சொன்னதை மனசுக்குள் ஒரு தரம் கூட்டிப் பார்த்தேன். அப்புறம் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்கு அந்தத் தொல்லை விட்டு ஐந்து வருஷம் ஆகிறது. அதை அரசாங்க நோட்டில் நாலு நாள் திருப்பி வரவைத்துவிட்டாள் இந்தப் பெண். அவளும் அழுகையோடு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சொன்னாள்: "போன தடவையும் இப்படித்தான்க்கா. வேற கம்பெனி. வேலை போயிடும்னு மறைச்சு, மூட்டை தூக்கினேன். தங்கலை."

என் சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

"நான் போய் ஒத்துக்கறேன்க்கா. உங்களுக்கு என்னால கெட்ட பேர் வேணாம்" என்றாள்.

"வாயை மூடிட்டு மெஷின்ல போய் உக்காரு" என்றேன்.

அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் ஒன்பது பேர் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் தனித்தனியாக, சட்டையைக் காட்டுகிற மாதிரி குனிந்து, "நானும்தான்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். யாருக்கும் இன்னொருத்தியைப் பற்றித் தெரியாது. கத்திரி எண்ணைப் போட்டால் எவனும் கிட்டே வர மாட்டான் என்று பத்துப் பேரும் தனக்கு மட்டும் தோன்றிய பெரிய யோசனையாக நினைத்திருக்கிறார்கள். ஒருத்தி சர்க்கரை வியாதிக்காரியாக இருக்கலாம். ஒருத்தி உள்ளே போய் அழுகிறவளாக இருக்கலாம். ஏன் என்று கேட்க என் வாய் ஊறியது. கேட்கவில்லை. அந்த ஒன்பது காரணங்கள் இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த இருபத்தாறில் ஏழெட்டு என்னுடையதே. ஒரு வருஷமாக எனக்கு ஒரு தொந்தரவு இருந்தது. டாக்டரிடம் போகவில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. முப்பது வருஷம் ஒரே பாயில் படுத்த மனிதரிடம் சொல்லக் கூசியதை, முத்திரை வைத்த காகிதத்தில் எழுதி மேனேஜரிடம் கொடுக்க வேண்டுமாம். பத்துப் பேரைக் காட்டிக்கொடுத்தால் நான் தப்பலாம். என்னை நானே காட்டிக்கொடுத்தாலும் காஜா தப்பப்போவதில்லை. அவள் எண்ணுக்கு நேராக மூன்று இல்லை, மேனேஜர் நோட்டைக் குடைகிற இந்த நேரத்தில் புதிதாகப் போடவும் முடியாது. மாதக் கடைசியில் நர்ஸ் கூப்பிடுவாள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சங்கத்து வக்கீலம்மாவைப் பார்க்கப் போனேன். அவர் அறையில் மேஜையைத் தவிர எல்லா இடத்திலும் காகிதக் கட்டு இருந்தது, நாற்காலியில்கூட. ஒரு கட்டை இறக்கிவைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். மெமோவைப் படித்தார். எனக்குத் தெரிந்த கதை முழுவதையும், காஜாவின் எண்ணை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். அவர் சிரிக்கவேயில்லை. மேனேஜர் சிரிக்காதது வேறு, இவர் சிரிக்காதது வேறு.

"உங்க முதலாளி அரசாங்கம். அது நமக்கு நல்லதா போச்சு" என்றார்.

"எப்படிம்மா நல்லது?"

"அரசியலமைப்புச் சட்டம்கிறது ஆளறவங்களுக்குப் போட்ட வேலி. இதைத் தாண்டி வராதேன்னு. மரியாதையோட உயிர் வாழற உரிமை எல்லாருக்கும் உண்டுன்னு அதுல இருக்கு. தன் உடம்பைப் பத்தின சங்கதி தன்கிட்டயே இருக்கறதும் அந்த மரியாதையில அடக்கம்னு பெரிய கோர்ட்டே தீர்ப்பு சொல்லியிருக்கு. அரசாங்கம் வேலியைத் தாண்டணும்னா அதுக்கு ஒரு சட்டம் வேணும், நியாயமான அவசியம் வேணும். ஒரு சர்க்குலரும் ஒரு ஸ்டூலும் போதாது."

"அந்த வேலி பாத்ரூம் வாசல் வரைக்கும் வருமாம்மா?"

"அங்க வரலைன்னா அப்புறம் அது எங்க வந்து என்ன பிரயோஜனம்?"

எனக்கு அந்த அம்மாளை அப்போதே பிடித்துவிட்டது. நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துக்கொண்டேன். "கோர்ட்ல எல்லார் முன்னாடியும் நான் எதுக்குப் போனேன்னு கேப்பாங்களே. அதை முதல்ல உங்ககிட்ட சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தேன்.

கையை உயர்த்தி நிறுத்தினார். "எனக்கு வேண்டாம். யார்கிட்டயும் சொல்லாதீங்க. நீங்க அதைச் சொல்லாம இருக்கறதுதான் நம்ம கேஸே."

பேசாமல் இருந்து ஜெயிக்க வேண்டிய வழக்கு. என் வாய்க்கு இப்படி ஒரு சோதனை!

என் பெயரில் மனு போனது. மெமோவுக்குப் பதில் சொல்லும் கெடுவைக் கோர்ட் தள்ளிவைத்தது, அசல் நோட்டைக் கொண்டுவரச் சொன்னது. மாதக் கடைசிக்கு நாலு நாள் இருக்கும்போது விசாரணை.

வீட்டுக்காரரும் கூட வந்தார். அவர் தண்ணீர் நிலையத்தில் பம்ப் பார்க்கிறவர். நாள் முழுக்க மோட்டார் சத்தத்தில் இருந்து இருந்து, பேச்சு என்பதையே ஏறக்குறைய விட்டுவிட்டார். இஸ்திரி போட்ட சட்டையில் கோர்ட் வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலை மட்டும் அவ்வப்போது நீட்டினார்.

நோட்டைக் கொண்டுவந்தது பாத்ரூம் வாசல் ஸ்டூல்காரிதான். உறை போட்டு ஒட்டி, கோர்ட் ஊழியரிடம் கொடுத்துவிட்டு என்னிடம் ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, மேனேஜர் கடைசி பக்கத்துல ஒரு லிஸ்ட் குத்தி வெச்சிருந்தார். மூணு வராத பயிற்சிப் பொண்ணுங்க லிஸ்ட். எடுக்க மறந்துட்டார். உறை போட்டப்புறம்தான் எனக்கே ஞாபகம் வந்துச்சு. காஜா நம்பர் மேல சிவப்பு வட்டம் இருக்கு."

ஜட்ஜ் அதை எடுத்து வாய்விட்டுப் படித்தால் போதும். துறை அதிகாரிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாதக் கடைசி வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம், அங்கேயே எழுதிக்கொள்வார்கள். அவளைக் காப்பாற்ற வந்து, நானே கோர்ட்டுக்கு இழுத்துவந்து காட்டிக்கொடுத்த கதையாகிவிடும். வக்கீலம்மாவிடம் சொல்வதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஜட்ஜுக்கு ஜலதோஷம். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துத் துடைத்து மூக்கு பழுத்திருந்தது. துறையின் வக்கீல் எழுந்து, வரிப்பணம், உற்பத்தி, ஒழுங்கு என்று நீளமாகப் பேசினார். பேசி முடித்துவிட்டு நோட்டைப் பார்க்கச் சொன்னார்.

ஜட்ஜ் உறையைப் பிரித்துப் புரட்டினார்.

"நூற்றுப் பதினேழு யாரு?"

எழுந்து நின்றேன்.

"ஒன்பதாம் தேதி பத்தே காலுக்கு உள்ள போயிருக்கீங்க. வெளியே வரலை. பத்து இருபதுக்கு மறுபடியும் உள்ள போயிருக்கீங்க. பத்து இருபத்தஞ்சுக்கு மூணாவது தடவையா போயிருக்கீங்க."

கோர்ட்டே சிரித்தது. நானும் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"இந்த நோட்டை வெச்சுத்தான் உற்பத்தியை அளக்கறீங்களா?" என்று ஜட்ஜ் துறை வக்கீலைக் கேட்டார்.

"தப்பா எழுதினது தொழிலாளிகள். அதைத்தான் விசாரிக்க விடுங்கன்னு கேக்கறோம்."

"அது இருக்கட்டும். காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல மூணு எதுக்கு? நேரத்தை அளக்க நேரம் போதாதா?"

வக்கீல் பின்னால் திரும்பி அதிகாரிகளைப் பார்த்தார். அதிகாரிகள் மேனேஜரைப் பார்த்தார்கள். மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

ஜட்ஜ் பதிலுக்குக் காத்திருந்தபடியே நோட்டின் கடைசிப் பக்கத்தில் கைவைத்தார். சட்டென்று விரலை இழுத்துக்கொண்டார். குண்டூசி. எங்கள் லைன் குண்டூசியேதான். குத்தியிருந்த தாளைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார்.

எனக்கு அந்த ஒரு நிமிஷம் ஒரு யுகம். வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ, பார்வையாளர் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

ஜட்ஜ் தாளைப் படித்து முடித்தார். மூக்கைத் துடைத்தார். தாளை நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்து, நோட்டை மூடி, அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். ஒரு எண்ணைக்கூட வாய்விட்டுப் படிக்கவில்லை.

"மூணு எதுக்குன்னு எனக்குப் புரிஞ்சுடுச்சு. நீங்க பதில் சொல்ல வேண்டாம்" என்றார் துறை வக்கீலிடம். குரல் மாறியிருந்தது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அந்த வக்கீல் விடுகிற ஆளில்லை. "மனுதாரர் நிக்கறாங்களே, இத்தனை தடவை எதுக்குப் போனாங்கன்னு அவங்களாவது சொல்லட்டும். மறைக்க ஒண்ணும் இல்லைன்னா சொல்றதுல என்ன கஷ்டம்?" என்றார்.

ஜட்ஜ் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்ல விரும்பறீங்களாம்மா?"

"இல்லீங்க ஐயா."

"ஏன்னு சொல்ல முடியுமா?"

"அதையும் சொல்ல விருப்பமில்லீங்க."

மறுபடி சிரிப்பு. ஜட்ஜும் கைக்குட்டைக்குள் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். ஐம்பத்திரண்டு வருஷத்தில் நான் பேசிய பேச்சிலேயே சின்னது அதுதான்.

"போதும். உக்காருங்க" என்றார்.

மதிய இடைவேளைக்குப் பிறகு உத்தரவைச் சொல்லச் சொல்ல ஒருவர் தட்டச்சு செய்தார். பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த ஒரு வரியை மட்டும் வக்கீலம்மாவிடம் எழுதி வாங்கிக்கொண்டேன்: 'மறைக்க எதுவும் இல்லாதவரும் கதவைச் சாத்திக்கொள்ளலாம், ஏன் சாத்தினாய் என்று கேட்கும் அதிகாரம் அரசுக்குத் தானாக வந்துவிடாது.' அந்தச் சர்க்குலர் அரசியலமைப்புக்கு விரோதம். நோட்டும் அதில் இருக்கும் தாள்களும் கோர்ட் காவலில் இருந்து, பிறகு அழிக்கப்பட வேண்டும். அதில் உள்ள எதையும் வைத்து எந்தத் தொழிலாளியின் மேலும் நடவடிக்கை கூடாது. பயிற்சிப் பெண்களின் தகுதியை அவர்கள் வேலையை வைத்து மட்டுமே முடிவு செய்ய வேண்டும்.

வராந்தாவுக்கு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போய்விட்டது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஸ்டூல்காரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லவா? திட்டக் கூடாது."

"சொல்லித் தொலை."

"யாரு யாரு உங்க நம்பரைப் போட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் தலையைத் தூக்காம குனிஞ்சே உக்காந்திருந்தேன்."

"அடி கள்ளி!"

"அப்புறம்... ஸ்டூலை விட்டு எழுந்து போனா நானும் எழுதணும்ல. நானும் உங்க நம்பர்தான்க்கா போட்டேன்."

கோர்ட் என்றும் பார்க்காமல் நான் போட்ட சிரிப்பில் அந்தப் பக்கம் போன இரண்டு வக்கீல்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

காஜாவின் கதையை முடித்துவிடுகிறேன். அந்த மாதம் நர்ஸ் யாரையும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த மாதம் அவளுக்கு நிரந்தரக் கடிதம் வந்தது. கடிதத்தைக் கொண்டுவந்து என் மேஜையில், பிசிறு வெட்டாத சட்டைக் குவியலின்மேல் வைத்தாள். பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசினால் அழுதிருப்போம், லைன் நின்றிருக்கும். மறுநாள் அவளே தன் கையால் மகப்பேறு விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள், தன் எண்ணைப் போட்டு. பிள்ளை நல்லபடியாகப் பிறந்து இப்போது தவழ்கிறது. இதையெல்லாம் உங்களிடம் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டேன். "தாராளமா சொல்லுங்கக்கா" என்றாள். அதனால்தான் சொன்னேன்.

இப்போது அந்தக் கோர்ட் நாளுக்கே திரும்பிப் போகிறேன். சாயங்காலம் நானும் வீட்டுக்காரரும் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். இனி இவர் கேட்பார் என்று நான் பதிலைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தேன். கோர்ட்டே கேட்கவில்லை, நீங்கள் கேட்கிறீர்களா என்று ஒரே வெட்டு. இவர் பஸ் வரும் திசையைப் பார்த்தார், பாட்டில் மூடியைத் திருகினார், செருப்பில் ஒட்டிய காகிதத்தைத் தட்டிவிட்டார். கேட்கவேயில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "கேக்க மாட்டீங்களா?" என்றேன்.

"எதை?"

"எதையா! எதுக்கு அத்தனை தடவை போனேன்னுதான்."

அவர் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "ராத்திரியிலயும் நீ நாலஞ்சு தடவை எழுந்து போறே. ஒரு வருஷமா தெரியும்" என்றார். "நீயா சொல்லுவேன்னு இருந்தேன். இன்னிக்குக் கோர்ட்ல விருப்பமில்லேன்னு சொல்லிட்டே. அதுக்கப்புறம் நான் எப்படிக் கேக்கறது?"

பம்ப் ஹவுஸ் மனிதர், அவ்வளவு வார்த்தையை ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதே இல்லை. கண் பொலபொலவென்று கொட்டிவிட்டது. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கேட்காததால் அங்கேயே, நிறுத்தத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு பயந்தேன், அவரிடம் ஏன் கூசினேன் என்பதுவரை. நடுவில் எங்கள் பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார் கடைசியில். "நாளைக்கு லீவு சொல்லு. டாக்டர்கிட்ட போய்ட்டு வரலாம். நான் வெளியில உக்காந்துக்கறேன்."

அவரிடம் என்ன சொன்னேன் என்று கேட்க உங்களுக்கு வாய் ஊறும். எனக்குத் தெரியாதா அந்த ஊறல்? ஆனால் சொல்ல மாட்டேன். ஏன் என்பதையும் சொல்ல விருப்பமில்லை.

அடுத்த பஸ்ஸில் இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது.